பரீட்சைக்குப் பதிலாகச் செயற்றிட்டம்: சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளைக்கு அப்படியொரு வழி உண்டா?

களுவாஞ்சிகுடி அம்மான் (வினா)

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த அக்காவின் மகனுக்காக இதை எழுதுகின்றேன். அவர்கள் வாழைச்சேனையில் இருக்கின்றார்கள். நான் களுவாஞ்சிகுடியில் தையற்கடை வைத்திருக்கின்றேன். தகப்பன் இல்லாத வீடு என்பதால், பிள்ளையின் படிப்பைப் பற்றிய எந்த முடிவையும் அம்மான் என்ற முறையில் என்னிடம் கேட்டே அக்கா எடுப்பார். ஆகவே தவறான ஒரு சொல்லைச் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு இருக்கின்றது.

மருமகனுக்கு 17 வயது. இலங்கையில் பதினோராம் வகுப்பின் முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களுக்கும் தோற்றி ஏழில் சித்தியடைந்திருக்கின்றான். சமயத்துக்கும் நீருயிரினத் தொழினுட்பவியலுக்கும் ‘பி’, தமிழுக்கும் சித்திரத்துக்கும் ‘சி’, விஞ்ஞானம், வரலாறு, குடியுரிமைக் கல்வி மூன்றுக்கும் ‘எஸ்’ எனப்படும் சாதாரண சித்தி. கணிதமும் ஆங்கிலமும் தவறிவிட்டன. உயர்தர வகுப்புக்கு இடம் கேட்டு அக்கா பாடசாலைக்குப் போனபோது, கணிதம் இல்லாமல் வந்து பயனில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் புத்தகத்தைத் தொடவில்லை.

ஆனால் அவனைப் படிக்காத பிள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்தே அயலில் பைபர் வள்ளம் திருத்துகின்ற ஒருவரிடம் போய்வருகின்றான். சென்ற மாதம் நான் போயிருந்த நேரம், அடிப்பக்கம் வெடித்த வள்ளமொன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். வெடிப்பின் இரு கரைகளையும் அரைத்துச் சரிவாக்கி, பைபர் விரிப்பை ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிதாக நான்கு துண்டுகளாக வெட்டி அடுக்கி வைத்துவிட்டு, ரெசினுக்குள் ஹார்ட்னர் கலந்தான். காலையில் ஒரு கோப்பை ரெசினுக்கு ஒரு மூடி ஊற்றியவன், உச்சிப்பொழுதில் அதே கோப்பைக்கு அரை மூடியைவிடச் சற்றுக் கூட மட்டுமே ஊற்றினான். ஏன் என்று கேட்டதற்கு, வெயில் ஏறிய பிறகு காலை அளவை ஊற்றினால் பூசி முடிப்பதற்கு முன்னரே கோப்பைக்குள் சூடேறி இறுகிவிடும் என்றும், அதற்காக மிகவும் குறைத்துவிட்டால் இரவு முழுவதும் பிசுபிசுத்துக் கிடக்கும் என்றும் விளக்கினான்.

அமெரிக்காவில் சில பாடசாலைகளில் இறுதிப் பரீட்சைக்குப் பதிலாகப் பிள்ளைகள் செயற்றிட்டம் செய்து, அதை ஒரு குழுவின் முன் விளக்கி, உயர்நிலைப் பள்ளியை முடிக்கின்றார்கள் என்று எங்கள் உறவினர் ஒருவர் சொன்னார். அது உண்மையா? இங்கிருந்து அதைச் செய்ய முடியுமா? சில மாதங்களில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் தருவதாக ஒரு விளம்பரமும் கைபேசியில் வந்தது, கட்டணம் பெரியது. அக்கா காப்பை அடகு வைக்கலாமா என்று கேட்கின்றார். தெரிந்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.


ஆரையம்பதியாள், நியூயோர்க்கிலிருந்து

அண்ணா, முதலில் அந்தக் காப்பைக் காப்பாற்றுங்கள். பணம் கட்டினால் சில மாதங்களில் சான்றிதழ் என்று சொல்பவர்களுக்கும், உங்கள் உறவினர் சொன்ன பாடசாலைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உறவினர் சொன்னது உண்மைதான். நியூயோர்க் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியை முடிப்பதற்குப் பிள்ளைகள் ‘ரீஜண்ட்ஸ்’ என்ற மாநிலப் பரீட்சைகள் ஐந்தில் சித்தியடைவது நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். 30க்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, ஆங்கிலப் பரீட்சையைத் தவிர்ந்த மற்றவற்றிலிருந்து விலக்குப் பெற்றிருக்கின்றன. அங்கே படிக்கின்ற பிள்ளை நான்கு பெரிய வேலைகளைச் செய்து காட்ட வேண்டும்: ஓர் இலக்கிய ஆய்வுக் கட்டுரை, ஒரு சமூகவியல் ஆராய்ச்சிக் கட்டுரை, தானே திட்டமிட்டுச் செய்த ஓர் அறிவியற் பரிசோதனை, உயர்கணிதத்தைப் பயன்படுத்தித் தீர்த்த ஒரு பிரச்சினை. ஒவ்வொன்றையும் ஆசிரியர்களும் வெளியாட்களும் இருக்கின்ற ஒரு குழுவின் முன் நின்று விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கணிதத்துக்கு அங்கும் விலக்கில்லை என்பதைக் கவனியுங்கள்.

என் மகள் அப்படியொரு பாடசாலையில்தான் படித்தாள். உப்புத் தண்ணீரில் பயறு எப்படி முளைக்கின்றது என்று பரிசோதித்தாள். கடல் புகுந்த வயலைப் பற்றி அம்மம்மா சொன்ன கதையிலிருந்து பிறந்த எண்ணம் அது. மூன்று சட்டிகளில் மட்டும் விதைத்து முடிவு எழுதியிருந்தாள். ஒரு சட்டியில் விதை பழுதாக இருந்திருந்தால் உன் முடிவு என்னவாகும் என்று குழுவில் ஒருவர் கேட்டார். அவளிடம் பதில் இல்லை. திரும்பப் போய் அதிகச் சட்டிகளுடன் முழுவதையும் புதிதாகச் செய்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதங்கள் எங்கள் வீட்டுச் சன்னல் ஓரமெல்லாம் பயற்றஞ் சட்டிகள்தாம். செயற்றிட்டம் என்றால் பரீட்சையை விட இலகு என்று நினைத்திருந்த நான் அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

றோட் ஐலண்ட் மாநிலத்தின் புரொவிடன்ஸ் நகரில் 1996 இல் தொடங்கிய ‘மெட்’ என்ற பாடசாலையில் இன்னொரு முறை இருக்கின்றது. அங்கே பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாட்கள் ஒரு வேலைத்தளத்தில், அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்குக் கீழ் வேலை செய்கின்றார்கள். அந்த வேலையிலிருந்தே அவர்களுடைய செயற்றிட்டங்கள் உருவாகின்றன. உங்கள் மருமகனைப் போன்ற பிள்ளைகளை மனதில் வைத்து அமைத்த பாடசாலை என்றே எனக்குத் தோன்றும்.

ஆனால் இவை எல்லாம் அங்கே நேரில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் ஆசிரியர்களின் கண்முன்னே படிக்கின்ற பிள்ளைகளுக்கு உரியவை. வாழைச்சேனையிலிருந்து விண்ணப்பித்துப் பெறக்கூடிய சான்றிதழ்கள் அல்ல. நம்முடைய நாட்டில் என்ன உண்டு என்பதை ஊரில் இருப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும்.


காரைதீவு, ஓய்வுபெற்ற அதிபர்

தம்பி, உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பழைய ஒன்றை நினைவுபடுத்துகின்றது. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் நான் படித்தவன். அப்போது சாதாரண தரத்தை நீக்கி, ஒன்பதாம் வகுப்பின் முடிவில் என்.சி.ஜி.ஈ. என்ற புதிய பரீட்சையை 1975 இல் கொண்டுவந்தார்கள். தொழில்முன் கல்வி என்று ஒரு பாடம் எல்லோருக்கும் கட்டாயமாயிற்று. ஊரில் என்ன பிழைப்பு உண்டோ அதைப் பாடமாக எடுக்கலாம். கடற்கரை ஊரில் மீன்பிடி, வேறு ஊரில் பன்புல்லில் பாய் பின்னல், மற்றோர் ஊரில் தோட்டம் என்று அமைந்தது. நல்ல எண்ணந்தான். ஆனால் அதைக் கற்பிக்கப் பயின்ற ஆசிரியர்களும் இல்லை, கருவிகளும் இல்லை. எங்கள் வகுப்பில் பாடநேரம் பெரும்பாலும் வலையின் படத்தைக் கொப்பியில் கீறுவதில் முடிந்தது. 1977 இல் ஆட்சி மாறியதும் பழைய பரீட்சைகள் திரும்பி வந்தன. அந்தச் சந்தர்ப்பத்தை நாங்கள் இழந்தது இன்றும் எனக்கு வருத்தம்.

இப்போது உள்ளதைச் சொல்கின்றேன். செயற்றிட்டத்தை மட்டும் செய்து சாதாரண தரச் சான்றிதழைப் பெறும் வழி இலங்கையில் இல்லை. ஆனால் சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் பாடசாலையிலேயே 13 ஆண்டுகளை முடிக்கக்கூடிய ஒரு வழி 2017 இல் தொடங்கியது. 13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வி என்பது அதன் பெயர். உயர்தரத்தில் தொழிற்பிரிவு என்று பொதுவாகச் சொல்வார்கள். முதலில் 42 பாடசாலைகளில் ஆரம்பித்துப் பின்னர் விரிவாக்கினார்கள். 12 ஆம் வகுப்பில் மொழி, தொடர்பாடல், தொழில்முயற்சி போன்ற பொதுப் பாடங்களைப் படித்த பின், 26 தொழிற்பாடங்களுள் தெரிந்தெடுத்ததைச் செய்முறையாகப் பயின்று, ஒரு வேலைத்தளத்திலும் பயிற்சி பெற்று, என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமையின் 4 ஆம் மட்டம் வரை போகலாம். நீர்வாழ் வளங்கள், உலோக வேலை, மோட்டார் வாகனம் ஆகியவையும் அந்த 26 இனுள் அடங்கும். எல்லாப் பாடசாலைகளிலும் எல்லாம் இல்லை. ஒரு பாடசாலையில் இரண்டோ மூன்றோ பாடங்கள்தாம் இருக்கும்.

வாசலில் நின்று திருப்பி அனுப்பிய பாடசாலை இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது பெரும் பிழை. ஏழு பாடங்களில் சித்தியும் அவற்றுள் நான்கில் ‘சி’ அல்லது அதற்கு மேலான திறமைச் சித்தியும் உள்ள பிள்ளை அவன். வாய்ச்சொல்லை நம்பித் திரும்பாமல், கல்குடா வலயக் கல்விப் பணிமனைக்குப் பெறுபேற்றுத் தாளின் பிரதியை எடுத்துச் சென்று, இரண்டு விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஒன்று, அந்த வலயத்தில் தொழிற்பிரிவு எந்தப் பாடசாலைகளில் எந்தப் பாடங்களோடு நடக்கின்றது; இரண்டு, கணிதம் இல்லாமல் உயர்தரக் கலைப்பிரிவில் அனுமதிப்பது பற்றித் தற்போது நடைமுறையில் உள்ள சுற்றறிக்கை என்ன சொல்கின்றது. இரண்டாவது விடயத்தில் விதிகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. ஆகையால் சென்ற வருடம் வேறொரு பிள்ளைக்கு நடந்ததை வைத்து ஒருவரும் முடிவு சொல்லக் கூடாது.


அக்கரைப்பற்று மின்வேலையாள்

சகோதரரே, அதிபர் ஐயா சொன்ன பாதை பாடசாலைக்குள் இருப்பது. பாடசாலைக்கு வெளியேயும் ஒன்று உண்டு. நான் அதில் வந்தவன். அமெரிக்காவில் குழுவின் முன் நின்று விளக்குவதாகச் சகோதரி எழுதியதை வாசித்தபோது, இது எனக்கு நடந்ததுதானே என்று நினைத்தேன்.

சாதாரண தரத்தில் கணிதத்துடன் வேறு பாடங்களும் எனக்குத் தவறியிருந்தன. ஒன்பது வருடங்கள் வீடுகளுக்கு மின் இணைப்பு வேலை செய்த பின்னர்தான், முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற முறையில் என்.வி.கியூ. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிந்தேன். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. தொழில் தெரியும் என்பதற்கு ஆதாரங்களைத் திரட்டி ஒரு கோப்பாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்புத்தான் எல்லாம். வேலை செய்த வீடுகளின் படங்கள், வீட்டுக்காரர்கள் எழுதித் தந்த கடிதங்கள், பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகள், கையால் கீறிய இணைப்புப் படங்கள் ஆகியவற்றைத் தேடி எடுக்க எனக்கு நான்கு மாதங்கள் சென்றன. ஒன்பது வருட வேலையில் ஆதாரத்தோடு காட்டக் கிடைத்தது பதினொரு வீடுகள் மட்டுமே. மற்ற வீடுகளில் நான் செய்தது எனக்கும் இறைவனுக்கும் மட்டுமே தெரியும்.

பின்னர் மதிப்பீட்டாளர்கள் வந்து வேலையைச் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். செய்துகொண்டிருக்கும்போதே கேள்வியும் கேட்டார்கள். வயர் இழுப்பதில் எனக்குக் குறையில்லை. மின்சாரம் கொடுப்பதற்கு முன் காவலித் தடையை, அதாவது வயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கின்ற அளவை, எப்படிச் சோதிப்பாய் என்று கேட்டு மெகர் கருவியைக் கையில் தந்தார்கள். நான் அதைக் கண்டிருக்கின்றேன், ஒரு நாளும் பிடித்ததில்லை. அந்த அலகில் இன்னும் தேர்ச்சியில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் முழுவதிலும் தவறியதாக எழுதவில்லை என்பதுதான் இந்த முறையின் அருமை. ஒரு நண்பரிடம் மெகரை இரவலாக வாங்கிப் பழகி, 500 வோல்ட்டில் சோதித்தால் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்பதையும், ஏன் குறையக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டு, அந்த அலகுக்கு மட்டும் திரும்பத் தோற்றினேன்.

உங்கள் மருமகனுக்கு இப்போது வயது 17 என்பதால், அனுபவத்தைக் காட்டிச் சான்றிதழ் கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கின்றது. நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில், ஒரு வேலைத்தளத்தோடு இணைந்த பயிலுனராகப் பதியலாமா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கும் மட்டக்களப்பில் ஒரு பிராந்திய நிலையம் இருக்கின்றது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மீன்பிடியோடும் கடல் இயந்திரங்களோடும் சம்பந்தப்பட்ட சான்றிதழ்ப் பயிற்சிகளும் அவர்களிடம் உண்டு. என்.வி.கியூ. மொத்தம் ஏழு மட்டங்கள்: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். இரத்மலானையில் உள்ள தொழில்சார் தொழினுட்பவியற் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்துக்காகவே 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 4 ஆம் மட்டச் சான்றிதழோடு ஓர் அரச வேலைக்கு விண்ணப்பித்தேன். அறிவித்தலில் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சாதாரண தரச் சித்தி என்று இருந்தது. தொழில் தெரியும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் விண்ணப்பம் திரும்பி வந்தது. வெளிநாட்டு வேலைக்கும் சொந்தத் தொழிலுக்கும் என் சான்றிதழ் நன்றாக உதவுகின்றது. சாதாரண தரம் கேட்கின்ற இடத்தில் அது சாதாரண தரம் ஆகாது.


படுவான்கரைக் கணித ஆசிரியை

அக்கரைப்பற்றுச் சகோதரர் கடைசியாக எழுதிய பந்தியை உங்கள் மருமகன் கட்டாயம் வாசிக்க வேண்டும். தொழிற்பாதையில் அவன் போகட்டும், ஆனால் கணிதத்தைக் கைவிட வேண்டாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கணிதத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். ஒன்பது பாடங்களையும் திரும்ப எழுதத் தேவையில்லை.

பல பிள்ளைகள் கணிதம் என்றாலே முழு மலையும் ஏற வேண்டும் என்று நினைத்து அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிடுகின்றார்கள். சாதாரண சித்திக்கு வேண்டியது 35 புள்ளிகள். இரண்டு வினாத்தாள்களும் சேர்ந்து 200; அதில் 70 எடுத்தால் போதும். முதலாம் வினாத்தாளின் முதற்பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகள். அவற்றில் 15 சரியாக வந்தாலே 30 கிடைத்துவிடுகின்றது. மிகுதி 40 ஐ சதவீதம், தொடைகள், நிகழ்தகவு, இடை காணல், வரைபு, கேத்திர கணித அமைப்புகள் ஆகியவற்றிலிருந்து திரட்டலாம். தேற்றங்களோடு மல்லுக்கட்டி மனம் உடைந்தவர்களை இந்தப் பாடங்களில் திருப்பி உட்கார வைத்து நான் சித்தியடைய வைத்திருக்கின்றேன். சித்திரத்தில் ‘சி’ எடுத்த பிள்ளைக்குக் கவராயமும் அடிமட்டமும் பிடிக்கும் அமைப்பு வினா வரப்பிரசாதம்.

அவன் மூடியால் ஹார்ட்னர் அளக்கின்றான் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அவனுக்கு விகிதம் தெரியும், பரீட்சைதான் பிழை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவனுக்குத் தெரிந்தது அந்தக் கோப்பைக்கும் அந்த மூடிக்கும் உரிய அளவு. கோப்பை மாறினால் என்ன செய்வான்? ஒரு கிலோ ரெசினுக்கு 15 கிராம் ஊற்றினால் அது எத்தனை சதவீதம், அதே சதவீதத்தில் 350 கிராமுக்கு எவ்வளவு என்று அவனிடம் தாளில் செய்யச் சொல்லுங்கள். முதல் நாள் தடுமாறுவான். தடுமாறட்டும். அந்தக் கணக்கு வினாத்தாளில் உள்ளதற்குச் சமம், அதே நேரம் அவனுடைய தொழிலுக்கும் வேண்டியது.

இன்றைக்கே ஒரு கொப்பியும் வாங்கிக் கொடுங்கள். திருத்துகின்ற ஒவ்வொரு வள்ளத்துக்கும் திகதி, என்ன பழுது, வெடிப்பின் நீள அகலம், எத்தனை அடுக்கு, எவ்வளவு ரெசின், எந்த நேரம் பூசினான், எப்போது காய்ந்தது, ஆகிய செலவு என்ன என்று எழுதட்டும். முன்னும் பின்னும் ஒரு படம் எடுக்கட்டும். வேலை பழக்குபவரிடம் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கட்டும். அக்கரைப்பற்றுச் சகோதரர் ஒன்பது வருடங்களுக்குப் பிறகு தேடி அலைந்த கோப்பு, இவனுக்கு நாளாந்தம் தானாகச் சேர்ந்துகொண்டு வரும்.


களுவாஞ்சிகுடி அம்மான்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. காப்பு அக்காவின் கையிலேயே இருக்கின்றது.

நேற்றுக் கடையைப் பூட்டிவிட்டு வாழைச்சேனைக்குப் போய், நீங்கள் எழுதியவற்றை அவனுக்கும் அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். மெகர் கருவியைப் பற்றிய பகுதியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னான். திங்கட்கிழமை வலயப் பணிமனைக்குப் போவதென்றும், அங்கே கிடைக்கின்ற பதிலைப் பார்த்துவிட்டு நைட்டா அலுவலகத்துக்குப் போவதென்றும் முடிவு செய்திருக்கின்றோம். அடுத்த பரீட்சைக்குக் கணிதத்தை மட்டும் விண்ணப்பிக்க அவன் சம்மதித்துவிட்டான். ஆங்கிலத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றான், நானும் பேசவில்லை.

ஆசிரியை கொடுத்த கணக்கைச் செய்யச் சொன்னேன். 15 கிராம் ஒன்றரைச் சதவீதம் என்று சொல்ல நெடுநேரம் ஆனது. 350 கிராமுக்கு முதலில் பிழையாகப் போட்டு, பிறகு தானாகவே வெட்டிவிட்டு ஐந்தேகால் கிராம் என்று எழுதினான். எழுதிவிட்டு, தராசு இல்லாமல் ஐந்தேகால் கிராமை எப்படி அளப்பது என்று என்னைக் கேட்டான். தையற்காரனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. மருந்தூசிக் குழாயால் அளக்கலாமா, ஹார்ட்னரில் ஒரு மில்லிலீற்றர் எத்தனை கிராம் இருக்கும் என்று அவனும் அந்த வள்ளக்காரரும் இரவு எட்டு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விதான் கொப்பியின் முதற்பக்கத்தில் இருக்கின்றது. இங்கே யாருக்காவது விடை தெரிந்தால் எழுதுங்கள், அவனுக்குக் காட்டுகின்றேன்.